ஒரு வருஷம்தான் என்று பேச்சு

ஒரு வருஷம். அவ்வளவுதான் பேச்சு. பிடித்தால் இருப்போம். இரண்டு பேரில் ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் வீட்டை விற்றுவிட்டு டெவென்டருக்கே திரும்பிவிடுவோம். இதைச் சொன்னது நான் இல்லை, ஹார்மன். நெதர்லாந்தில், டெவென்டரில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில், பிரான்ஸில் பார்த்து வைத்திருந்த கல்வீட்டின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

நம்பினேன். மகளை வளர்த்து ஆளாக்கி வேறு ஊருக்கு அனுப்பும்வரை ஒன்றாகக் குடும்பம் நடத்தியவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஹார்மன் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டான். எனக்கு அந்த அவசரம் இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட். என் வேலை எனக்குப் பிடிக்கும். தோள் தூக்க முடியாமல் வந்தவர்கள் இரண்டு மாதம் கழித்துத் தாங்களே கோட்டை மாட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பதில் ஒரு திமிர் உண்டு, அந்தத் திமிர் எனக்கு வேண்டியிருந்தது. கிளினிக்கை நடத்தும் பெட்ரா சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தாள்.

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி வரைக்கும் உன் இடத்துல யாரையும் நிரந்தரமா போட மாட்டேன், தீனெகே. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

ஃபிளாட்டை இரண்டு மாணவர்களுக்கு ஒரு வருஷ வாடகைக்கு விட்டோம். காரில் இடம் இல்லாமல் என் மடியில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு பிரான்ஸின் டோர்டோன் பகுதிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அக்கேசியா பூத்திருந்தது, வெயில் இதமாக இருந்தது, காலை உணவு வெளியே. ஜூனில் ஆரம்பித்தது விருந்தாளிகளின் படையெடுப்பு. டெவென்டரில் இருந்தபோது கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாம் திடீரென்று ஆருயிர் நண்பர்களானார்கள். ஒரு கூட்டத்தின் படுக்கை விரிப்பு கொடியில் காய்வதற்குள் அடுத்த கூட்டத்தின் கார் சரளைக்கல்லில் வந்து நிற்கும். ஹார்மன் அவர்களைக் குகைக்கும் கோட்டைக்கும் சந்தைக்கும் அழைத்துப் போவான். நான் சமைப்பேன். "சொர்க்கத்துல இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே ஈரத் துண்டுகளை என் கையில் திணித்துவிட்டுப் போனாள், ஹார்மனின் பழைய மேலதிகாரியின் மனைவி.

செப்டம்பரில் சொர்க்கம் காலியானது. நவம்பரில் மூடுபனி இறங்கியது. கல் சுவர் உள்பக்கம் வியர்த்தது. அலமாரியில் இருந்த செருப்புகளில் பச்சையாகப் பூஞ்சை. காலையில் எழுந்ததும் முதல் வேலை அடுப்புக்கு விறகு வைப்பது. வைக்க மறந்தால் சமையலறையில் மூச்சு விடுவதே கண்ணுக்குத் தெரியும். ரொட்டி வண்டி வரும் நாட்களில் மட்டும் குடியிருப்பில் மனிதக் குரல் கேட்கும்.

ஹார்மனுக்கு இதெல்லாம் தெரியவில்லை. அவன் பகலெல்லாம் ஊர்க்காரர்களோடு இருந்தான்.

அவனுக்குப் பள்ளியிலேயே ஃபிரெஞ்சு நன்றாக வரும். எனக்கு வராது. வகுப்புக்குப் போனேன், கேஸட்டைப் போல ஒப்பித்தேன். ஆனால் கடையில் நான் வாக்கியத்தைத் தொடங்குவேன், அவன் முடிப்பான். முதலில் உதவியாக இருந்தது. பிறகு யாருமே என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என்னைப் பற்றியே அவனிடம் கேட்பார்கள். அவனும் சொல்வான்.

இலையுதிர் காலத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சந்தை ஊர் டாக்டரிடம் போனோம். எது என்று எனக்கே தெரியும், எந்தத் தசை, எந்த அசைவில் வலி, எப்போது காலுக்கு இறங்குகிறது என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஹார்மன் டாக்டர் பக்கம் திரும்பி இரண்டே சொல்லில் முடித்தான். முதுகு வலிக்குதாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காரில் சண்டை போட்டேன். "அவருக்கு என்ன தெரியணுமோ அதைச் சொன்னேன்" என்றான்.

வேட்டைக்காரர்களின் வருடாந்திர விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ஊர்ப் பொதுக்கூடத்தில் நீளமான மேசைகள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சூப் மிச்சம் இருக்கும்போதே அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது அந்த ஊர் வழக்கம். பக்கத்து வீட்டு ரெய்மோன் செய்து காட்டினார். ஹார்மன் உடனே இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கூடம் முழுக்கக் கைதட்டியது. ஒயின் மீசையோடு அவன் சிரித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இவன் திரும்பி வர மாட்டான்.

அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவள் ஜோசெத், ரெய்மோனின் மனைவி. கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து ஒரு சின்ன அசைவு சொல்லிக் கொடுத்தேன். அதற்கு மொழி தேவையில்லை. அடுத்த வாரம் முட்டையோடு வந்து, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த ஒரு வருஷத்தில் என் வேலையை யாராவது பார்த்தார்கள் என்றால் அது அவள்தான். ரெய்மோனுக்கும் முழங்கால் மோசமாக இருந்தது. அவருக்கும் ஏதாவது செய்யலாம் என்றேன். வேண்டாம், நீயாகப் போய் நின்றால் தப்பாக நினைப்பார்கள் என்று தடுத்துவிட்டான் ஹார்மன்.

பிப்ரவரியில் நான் முடிவு செய்துவிட்டேன். காலை உணவின்போது தெளிவாகச் சொன்னேன். எனக்குப் பிடிக்கவில்லை, திரும்பிவிடலாம், வீட்டை விற்கப் போடலாம்.

ஹார்மன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான். மார்ச் முடியட்டும், வசந்தம் வந்தால் உன் மனசும் மாறும், அப்போது உட்கார்ந்து பேசலாம் என்றான். மார்ச் முடிந்தால் பெட்ரா கொடுத்த கெடுவும் முடிந்துவிடும் என்றேன். அதற்கு முன்னால் பேசிவிடலாம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

மார்ச் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்களைப் போன்ற டச்சுக்காரர்களும் பெயரைப் பதிந்துகொண்டால் வாக்குப் போடலாம். ஹார்மன் தன் பெயரைப் பதிந்திருந்தான். என்னைக் கேட்கவில்லை, எனக்கும் அக்கறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனவன் இருட்டும் வேளையில்தான் திரும்பினான். எண்ணுவதற்கு உதவி செய்தேன் என்றான். முகம் பளபளவென்று இருந்தது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தபால் பெட்டிச் சாவி அவனிடம்தான் இருந்தது. பெட்டியில் வந்து விழும் தேர்தல் தாள்களை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வாசலில் டிராக்டர் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் கட்டிய வண்டியில் கிளை கழித்த நெட்டைப் பைன் மரம் ஒன்று, உச்சியில் மட்டும் கொத்தாகப் பச்சை. விறகு வந்திருக்கிறது, ஹார்மன் சொல்ல மறந்திருப்பான் என்று நினைத்தேன். அதற்குள் ஆண்கள் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். நேராக என் பூண்டுப் பாத்திக்குப் போனார்கள். குளிர்காலம் முழுக்க நான் பார்த்துப் பார்த்து வளர்த்த நாற்று. மேலே இருந்த மண்ணோடு அள்ளி ஓரமாகப் போட்டார்கள்.

கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ரெய்மோன் நொண்டிக்கொண்டே வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வாழ்த்துச் சொன்னார். எதற்கு என்று தெரியவில்லை. மரத்தைக் கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். ஃபிரெஞ்சு மூவர்ணக் கொடிகள் படபடத்தன. நடுவில் ஆணியடித்த பலகை. அதைப் படிக்க எனக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் உறுப்பினருக்கு மரியாதை. அதன் கீழே ஹார்மனின் பெயர்.

வாக்குப் போடுவது மட்டுமல்ல, எங்களைப் போன்றவர்கள் தேர்தலில் நிற்கவும் செய்யலாமாம். அந்த ஊரில் ஊர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் வீட்டு வாசலில் ஊர் கூடி மரம் நடும். அந்த வீட்டுக்காரர்கள் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஜோசெத் என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இதை யாரும் பிடுங்கக் கூடாது, மேடம். நீங்களும் கூடாது. தானா மக்கி விழற வரைக்கும் நிக்கணும். ஆறு வருஷம் தாங்கும், பாருங்க."

ஹார்மன் உள்ளேயிருந்து கண்ணாடிக் குவளைகளோடு வந்தான். எப்போது வாங்கி ஒளித்து வைத்தானோ, ஒயின் பாட்டில்கள் பெட்டி பெட்டியாகக் கொட்டகையிலிருந்து வந்தன. என்னைப் பார்க்கவில்லை.

மேயர் சொலாஞ்ச், நல்ல பெண்மணி, இதமாக என் கையைப் பற்றிக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும், மேடம். இவர் ரொம்பத் தயங்கினார். நீங்கதான் நில்லுன்னு தள்ளி விட்டீங்களாமே. வேலையையும் விட்டுட்டு, இனி இதுதான் எங்க ஊருன்னு சொன்னீங்களாம். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

அவர் மெதுவாகத்தான் பேசினார். எல்லாம் புரிந்தது. அந்த ஊரில் தீனெகே என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். வேலையை விட்டவள், புருஷனைத் தேர்தலில் நிற்கச் சொன்னவள், இந்த மண்ணை விட்டுப் போக மனமில்லாதவள். அவளை ஹார்மன் ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து ஊருக்குக் கொடுத்திருக்கிறான். எனக்கு அவளைத் தெரியாது.

குவளைகள் நிறைந்தன. ஹார்மன் நாலு வார்த்தை பேசினான், சிரிக்க வைத்தான். பிறகு யாரோ, மேடமும் பேசட்டும் என்றார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஊரில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னேன்.

"ஹார்மன் உங்ககிட்ட உண்மையைச் சொல்லல. நான் வேலையை விடல. எனக்கு இங்க இருக்க வேண்டாம். இந்த மாசக் கடைசியில நான் என் ஊருக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

 ரெய்மோன் குவளையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். ஜோசெத் தரையைப் பார்த்தாள்.

ஹார்மன் என் தோளில் கையைப் போட்டான். சிரித்தான்.

"இவ ஃபிரெஞ்சு இப்படித்தான், மன்னிச்சிக்கோங்க. மகளைப் பார்க்கப் போறா. ரெண்டு வாரம். பயப்படாதீங்க, வந்துடுவா."

அந்த வருஷத்தில், யாரும் எனக்காக மெதுவாகப் பேசாமலே ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்த முதல் ஃபிரெஞ்சுப் பேச்சு அதுதான். கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. சிரித்தது. குவளைகள் உரசின. நான் சொன்னது அவர்களுக்குப் புரியாமல் இல்லை, ஜோசெத்தின் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கையில் ஒயினும் எதிரில் கொடி கட்டிய மரமும் இருக்கும்போது அவன் சொன்னது வசதியாக இருந்தது. நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அக்கார்டியன் ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு அவன் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்தணும்னே பண்ணின" என்றான்.

"ஒருத்தருக்குப் பிடிக்கலன்னாலும் திரும்பிடலாம்னு சொன்னது யாரு?"

"அப்ப எனக்கு இந்த இடம் தெரியாது."

"பிப்ரவரியில உன்கிட்ட சொன்னேனே, ஹார்மன்."

"சொன்ன. நானும் கேட்டேன். கேட்டா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா?" குழாயை மூடினான். "அந்த ஆபீஸ்ல வாழ்க்கை முழுக்க உக்காந்திருந்தேன். கடைசி நாள் கேக் வெட்டின பொண்ணு, நீங்க எந்த டிபார்ட்மென்ட்னு என்னையே கேட்டா. இங்க எனக்கு ஒரு மரமே நட்டிருக்காங்க. இதை விட்டுட்டு வரச் சொல்றியா?"

"மரம் உனக்கு. குழி என் பாத்தியில."

"பூண்டு சந்தையில கிடைக்கும், தீனெகே."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உள்ளே போய் பெட்ராவுக்கு ஃபோன் செய்தேன். வருகிறேன் என்றேன். ஹார்மனும் வருகிறானா என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் வந்து சேரும் திங்கட்கிழமை காலையிலேயே எனக்கு நோயாளிகளைக் குறித்துவிட்டாள்.

கிளம்பும் காலை ஹார்மன் என் பெட்டிகளைத் தானே தூக்கி காரில் வைத்தான். ரெய்மோன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் என் இரண்டு கன்னத்திலும் முத்தமும் கொடுத்தான். பத்திரமாப் போய்ட்டு வா என்று உரக்க, ஃபிரெஞ்சில் சொன்னான்.

ஜோசெத் ஓடி வந்தாள். கையில் ரப்பர் வளையம் போட்ட பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே கொழுப்பில் உறைந்த வாத்துக் கால்கள்.

"உங்க பொண்ணுக்கு" என்றாள். "ஜாடியை மட்டும் திருப்பிக் கொண்டு வந்துடுங்க, மேடம். இந்த அளவு இப்ப கிடைக்கறதில்ல."

அவள் கண்ணைப் பார்த்தேன். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாளா, தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. நான் வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு அப்போது மொழி இருந்தது. ஒருமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. ஜாடியை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன்.

இப்போது செப்டம்பர். கிளினிக்கில் என் இடம் என்னிடமே இருக்கிறது. ஃபிளாட்டை மாணவர்கள் நாசம் செய்து வைத்திருந்தார்கள், சுத்தம் செய்ய ஒரு கோடைக்காலம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்மன் ஃபோன் செய்கிறான். பள்ளம் விழுந்த ரோட்டைப் பற்றி, மன்றக் கூட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறான். மேயர் விசாரித்தார் என்கிறான். அந்த ஊரைப் பொறுத்தவரை நான் இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறானாம். கேட்டதும் மகள் ஃப்ளூர் சிரித்தாள், பிறகு அழுதாள்.

போன வாரம் ஃபோனை வைப்பதற்கு முன்னால் கேட்டான்:

"ஜோசெத் ஜாடியைக் கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது சொல்லிக்கோ. உனக்குத்தான் நல்லா வருமே" என்றேன்.

ஜாடியில் கரண்டிகளைப் போட்டு அடுப்பு பக்கத்தில் வைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறது.