சிலுவை போட்ட ஐநூறு

ஐந்தாவது ஆள் ஏறாமல் மெக்சிகோவின் ஹூச்சித்தான் நகரச் சந்தை வாசலிலிருந்து நான் டாக்சியை எடுப்பதில்லை. அன்று பின்சீட்டில் மூன்று கொத்தனார்கள், முன்னால் தையற்காரி நெரேய்தா. அவள் மடியில் கல்யாணப் பெண்ணுக்கான பூவேலை வெல்வெட் சட்டை. பத்து மணிக்குப் பக்கத்து ஊரான உனியோன் இதால்கோவின் சர்ச்சில் கல்யாணம்.

"அண்ணே, ஒம்பது ஆகுது. பொண்ணு சட்டையில்லாம நிக்கிறா."

"நிக்கட்டும். மாப்பிள்ளை எங்க ஓடிறப் போறான்?"

"நீ உருட்டுற வேகத்துல அவன் பேரனையே பாத்திருவான்."

அப்போதுதான் முதுகுமூட்டையோடு ஒரு கனடாக்காரி வந்து நெரேய்தாவை நெருக்கிக்கொண்டு ஏறினாள். பெயர் ப்ரூக். நாற்பது பேசோ கேட்டேன். முந்தின நாள் வந்து இறங்கியவள், வங்கி இயந்திரம் கக்கிய ஐநூறு பேசோ நோட்டை நீட்டினாள். அவளிடம் வேறு காசே கிடையாது.

"அங்க போய் மாத்திக்கலாமே?" என்றாள்.

"அந்த ஊர்ல ஐநூறைப் பாத்தா சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிருவாங்கம்மா."

என்னிடம் அவ்வளவு சில்லறை இல்லை, கொத்தனார்களிடமும் கொஞ்சம் உதிரிக் காசுதான். நெரேய்தா கூலியை இனிமேல்தான் வாங்க வேண்டும். ப்ரூக் இறங்கி, எதிரே கூடையோடு இருந்த எவாரிஸ்தா அத்தையிடம் ஓடினாள். சோளமாவில் இறால் வைத்து வாழையிலையில் அவித்த தமால், ஒன்று இருபத்தைந்து.

"போணி ஆகாம சில்லறையா? போ, வெள்ளச்சி!"

"அப்ப ரெண்டு குடுங்க."

அத்தை நோட்டை வாங்கி, நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டு, முத்தமும் கொடுத்தாள். பிறகு ஏப்ரன் பையைப் பிதுக்கிக் காட்டினாள். காலி.

"மிச்சம்?"

"இப்பத்தானே போணி! எங்கருந்து மிச்சம்?"

"அப்ப நோட்டைத் திருப்பிக் குடுங்க."

"சிலுவை போட்ட காசைத் திருப்பிக் குடுத்தா இன்னைக்கு ஈகூட வராது. கூடையில இருபது இருக்கு. கணக்கு சரியா வருதில்ல? எடுத்துக்க."

இதற்குள் நெரேய்தா ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டாள். ப்ரூக் இருபது தமாலையும் அள்ளிக்கொண்டு வந்து, கண் கலங்கக் கதவருகே நின்றாள். வாசனை பின்சீட்டுக்குப் போனது.

"அம்மணி, ஒண்ணு என்ன விலை?" என்றான் மூத்த கொத்தனார்.

"இருபத்தஞ்சு."

"அசல் விலைக்கேவா? இருபதுக்குத் தா, மூணு பேரும் வாங்குறோம்."

அவள் அவனையும் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள். "முப்பது," என்றாள்.

கார் குலுங்கச் சிரித்தார்கள். கடைசியில் இருபத்திரண்டுக்குப் படிந்தது. பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று நாணயங்கள் வந்து விழ, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துப் பையில் போட்டாள். பிறகு என் கையில் முப்பதும் ஒரு தமாலும் வைத்தாள்.

"நாப்பதும்மா."

"தமால் இருபத்தஞ்சு. பதினஞ்சு நீங்கதான் எனக்குத் தரணும்."

சந்தையில் பிறந்து வளர்ந்தவன் நான். விட்டுக்கொடுப்பேனா? வாயைத் திறந்தேன்.

"இன்னொரு வார்த்தை பேசினே, ஸ்டியரிங்க நானே பிடிச்சிருவேன்!" என்றாள் நெரேய்தா. சட்டையில் எண்ணெய் படாமலிருக்க அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஐந்து பேசோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். உனியோன் இதால்கோவில் சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. வண்டி நிற்குமுன்பே பெண்ணின் அம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நெரேய்தா கூலிக்காக அவள் பின்னால் ஓடினாள்.