ஐந்து பேர் அனுப்பிய செய்தி

அச்சகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்துவது என் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினாலும் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அந்தத் திமிர் வீட்டிலும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது எதையாவது அனுப்பினால், "அவகிட்டக் கேளுங்க, அவ பாத்துச் சொல்லட்டும்" என்பார்கள். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. அக்கா எட்டு வருடமாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் படம். சிறுநீரகத்தை அரித்துவிடுமாம், தடை செய்துவிட்டார்களாம். படத்தின் மேலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. எனக்குப் பகீரென்றது. ஆனாலும் நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவள் இல்லையே! நாலு குழுக்களில் படத்தைப் போட்டு, அதன் கீழே, "இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று தனியாகத் தட்டிவிட்டேன்.

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் மாலைக்குள் அதே படம் ஐந்து பேரிடமிருந்து எனக்கு வந்தது. மாடி வீட்டு டீச்சர், அச்சக பைண்டர், சித்தி மகள், இன்னும் இரண்டு பேர். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். ஐந்து பேருமா பொய் சொல்வார்கள்? அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அந்த மாத்திரைய நிறுத்துக்கா. நல்லா விசாரிச்சுட்டேன்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"எழுதிக் கொடுத்தவரே அவர்தானே! நான் சொல்றேன்ல?"

"சரிடி."

ஒன்பதாம் நாள் காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்து விழுந்தாள். வலது கையும் காலும் செயலிழந்து, வாய் கோணிவிட்டது. "மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" என்று டாக்டர் கேட்டபோது அக்கா வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உங்களுக்கு யார் அனுப்பியது என்று ஐந்து பேரையும் கேட்டேன். டீச்சருக்கு அவர் தங்கை, தங்கைக்கு என் தையல்காரி, தையல்காரிக்கு நான். பைண்டருக்கு முதலாளி, முதலாளிக்கு நான். மற்ற மூன்றும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றன. படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். என் கேள்வியை யாரும் அனுப்பவில்லை. புரூஃபை மூலப்படியோடுதான் ஒப்பிடணும், இன்னொரு புரூஃபோடு இல்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு வாய் கிழியச் சொல்பவள் நான். மருந்துக்கடைக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலு நாள் கழித்து அக்காவுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. குற்ற உணர்ச்சியில் அவள்மேலேயே பாய்ந்தேன்.

"நீயாவது வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதாக்கா?"

"கேட்டேனே... மூணு பேர்கிட்ட," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "உன் தங்கச்சி சொன்னா... சரியாத்தான் இருக்கும்னாங்க."

நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அக்கா இடது கையில் மாத்திரையை வாங்கினாள். வாயில் போடாமல் என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடலாமாடி?"

"என்கிட்டக் கேக்காதக்கா," என்றேன். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க."