தலைவர் இட்ட கோடு

நகரமைப்புப் பிரிவின் மேசையில் விரிந்துகிடந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஐந்து மீட்டர். திட்ட அதிகாரி பென்சிலைக் கூராக்கிக் கூராக்கி வரைந்த பன்னிரண்டு மீட்டர்ச் சாலைக்கு இரையாவது நகரத் தலைவரின் கிடங்கைச் சூழ்ந்த மதில் ஒன்றே. எதிர்வரிசையில் பதினொரு வீடுகள். அவற்றுள் ஒன்று அதிகாரியின் அக்காளுடையது.

தலைவர் அந்த மதிலைக்கூட இழக்க இசையவில்லை.

"என் சுவர் மேல உனக்கு என்னம்மா கண்ணு?"

"பொது நிலத்து மேலதாங்க கண்ணு. சுவர் அதுல வந்து நிக்குது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

தடித்த சிவப்பு மார்க்கரை எடுத்து, வீடுகளின் பக்கமாக ஒரு கோட்டை அழுத்தி இழுத்தார்; விதிப்படி ஓரத்தில் கையொப்பமும் இட்டார். "இதான் ரோடு. இதுல எவனும் கை வைக்கக் கூடாது."

எவரும் வைக்கமாட்டார். ஈராண்டுக்கு முன் அவர் இட்ட கோணற்கோட்டை நேராக்கிய வரைவாளர் வேலையிழந்தார். அன்றுமுதல், மறையின் ஓரெழுத்தும் பிறழாது ஓதுவாரைப்போல அவரது மையைப் பிசகாது படியெடுப்பதே அப்பிரிவின் நெறி.

செய்தி அன்றே அக்காளுக்கு எட்டியது. தொலைபேசியில் பொரிந்தாள். "அறிவிப்புக்குக் கீழ உன் கையெழுத்துதானடி வரும்? தங்கச்சி ஆபீசருன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு."

"அக்கா, கொஞ்சம் பொறு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுநாட்காலை அதிகாரி சிவப்புக்கோட்டின்மேல் அளவுகோலை வைத்தாள். தாள் குடித்துப் பரந்த மை ஆறு மில்லிமீட்டர். நிலத்தில் முப்பது மீட்டர். ஒரு விளிம்பு பதினொரு வீடுகளை விழுங்கியது. மறுவிளிம்பு கிடங்கின் நடுவே சென்றது. தலைவரிடம் சொல்லப் போகாமல் வரைபடத்தை வரைவாளரின் மேசைக்குக் கொண்டுபோனாள்.

"மை எதுவரைக்கும் இருக்கோ அதுவரைக்கும் ரோடு. அப்படியே வரைங்க" என்றாள் புதிய வரைவாளரிடம்.

"மேடம், கிடங்கு பாதி போயிடுமே."

"அப்ப நேராக்கிடுறீங்களா?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு மேடம்" என்று அவர் குனிந்து வரைந்தார்.

தலைவர் வழக்கம்போல் பாராமலே ஒப்புதல் அளித்தார். அறிவிப்பு வெளியான நான்காம் நாள், நில அளவையர் கிடங்கினுள் முளையடித்தனர். தலைவர் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"பழி வாங்குறியா? அழி அதை."

"நீங்க போட்ட கோடு. கை வைக்கக் கூடாதுன்னீங்க. உங்க மார்க்கர் கோடு தப்பு, நான் பென்சில்ல போட்ட பழைய கோடே சரின்னு எழுதிக் குடுங்க, மாத்திடலாம்."

எழுதினார், பேனாமுனை தாளைக் கிழித்தது. பின் இன்னொரு தாள் கேட்டு வாங்கி, அவளை இடுகாட்டுப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்.

"அங்க போய்க் கோடு போடு. படுத்திருக்கிறவன் எவனும் வந்து கேக்க மாட்டான்."

அதிகாரி அளவுகோலைப் பையில் வைத்துக்கொண்டு அக்காளை அழைத்தாள்.

"வீடு தப்பிச்சிடுச்சுக்கா."

"தெரியும். ஆனா நாலு நாளா எங்க தெருச் சுவத்துல அந்த அறிவிப்பு ஒட்டியிருந்துச்சு. என் வீட்டு நம்பர், அதுக்குக் கீழ உன் கையெழுத்து. தினமும் அதைப் பாத்துக்கிட்டேதான் சாமான் கட்டினேன்" என்றாள் அக்காள். "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத."