குப்பிக்குள் மினுங்கியவை

ஊசி மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனை அறைக்குச் சன்னல் கிடையாது. மேசைக்கு ஒரு விளக்கு. அதன் பின்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. அங்கே சோதிக்கும் வேலை அவளுக்கு; மருந்துக் குப்பியின் கழுத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றுவாள். மருந்து சுழன்று அடங்கும்வரை பார்ப்பாள். பார்க்கப் பார்க்க, தானே தண்ணீருக்குள் மிதப்பதுபோல இருக்கும்.

அன்று ஒரு குப்பிக்குள் என்னவோ மினுங்கியது. மீன் செதிலைவிட மெல்லியது. திரும்பும்போது மட்டும் ஒளி வாங்கி, மறுகணம் காணாமல் போயிற்று. அடுத்த குப்பியிலும் அப்படியே. கண்ணாடிச் செதில்கள். அழகாகத்தான் இருந்தன. யாருடைய இரத்தத்தில் போய் மிதக்குமோ என்று நினைத்தாள். மொத்தச் சரக்கையும் நிறுத்திவைக்கச் சொன்னாள்.

அந்தக் குப்பிகளைச் செய்யும் கண்ணாடி ஆலையில் தரம் பார்ப்பவன் அவள் கணவன்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டான். "நிறுத்தறதுக்கு என் சரக்குதான் கெடச்சுதா உனக்கு?"

"கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

"அளவு, கனம், விரிசல், எல்லாம் பார்த்துத்தான் அனுப்பினேன். சட்டம் கேக்கற ஒண்ணையும் விடல."

"நீங்க காலியா பார்த்தீங்க. நான் மருந்தோட பார்க்கறேன்."

அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னை மட்டும் ரெண்டு பேரும் செக் பண்ணாம விட்டா சரி," என்று தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆலையின் சார்பில் அவனே பரிசோதனை அறைக்கு வந்தான். வெள்ளை அங்கி, தலையுறை, முகமூடி. கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தேடாதீங்க. சும்மா பார்த்துட்டே இருங்க."

மருந்து சுழன்றது, அடங்கியது. பனி பெய்வதுபோலச் செதில்கள் இறங்கின. அவன் அடுத்த குப்பியையும் எடுத்துச் சுழற்றினான்.

"குப்பியோட அடிப்பக்கம் உருக்கறப்போ சூடு ஏறிப்போச்சு, அதான் மருந்து பட்டதும் உள்பக்கம் உரியுது," என்றான் கடைசியில். "மெஷினைச் சீக்கிரம் ஓட்டணும்னு நாங்கதான் ஏத்தினோம்."

வெளியே வந்ததும் ஆலைக்குப் போன் செய்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னான். மறுமுனையில் முதலாளி கத்துவது அவளுக்கே கேட்டது.

சரக்கு அழிக்கப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து ஆலையைக் குடைந்தார்கள். முதலாளி அவனோடு முகம்கொடுத்துப் பேசாமலே திரிந்தார். அவனோ, மருந்து நிரப்பி ஊறவைத்துப் பார்த்த பிறகே இனி எதுவும் வெளியே போகும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

குறைந்த சூட்டில் செய்த புதுக் குப்பிகள் ஒரு காலையில் அவள் மேசைக்கு வந்தன. முதல் குப்பியைச் சுழற்றினாள். கறுப்பின் முன்னும் வெள்ளையின் முன்னும் ஒன்றுமே இல்லை, வெறும் தெளிவு. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.