டூஹாவுக்கு எந்தத் தண்ணீர்

ஒட்டோமாருக்கு வேறு எதில் கர்வம் இல்லையென்றாலும் நாக்கில் உண்டு. ஊற்றுநீரைப் புட்டியில் அடைக்கும் ஆலையில் முப்பத்து மூன்று வருடம் சுவை பார்த்தவர். கண்ணைக் கட்டி ஒரு மிடறு கொடுத்தால் போதும், எந்த ஊற்று, காலையில் பிடித்ததா மதியம் பிடித்ததா, முந்தின நாள் மழை பெய்ததா என்றுகூடச் சொல்லிவிடுவார். பாதியாவது சரியாக இருக்கும். மீதிப் பாதிக்குத் தண்ணீர்தான் தப்பு என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவர் மனைவி லிபுஷெ ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, முழங்கால் அறுவைக்காகப் பில்சன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மூன்று வாரம் அங்கேதான். சீட்டில் அவள் பாம்பு டூஹாவைப் பற்றி நாலு வரி. சூடு இத்தனை, ஈரம் இத்தனை, இரை வைக்காதே, பிள்ளைத்தாச்சி இப்போது தின்னமாட்டாள். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. ‘தண்ணீர்: குழாய்த் தண்ணீர், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தது. வேறு எதுவும் வேண்டாம், ஒட்டோ.’ அதற்கும் கீழே, அவசரமென்றால் கூப்பிட, மாவட்டப் பாம்பு வளர்ப்போர் சங்கத்து அப்போலெனாவின் எண்.

டூஹா வானவில் போவா இனம், முட்டையிடாமல் குட்டி போடும் வகை. நிழலில் பார்த்தால் செம்பழுப்பாக ஒரு சாதாரணப் பாம்பு. வெயில் பட்டால் ஈரத் தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் போல உடம்பெல்லாம் நிறம் ஓடும். விரல் மொத்தத்தில் வந்ததை லிபுஷெ எட்டு வருடம் வளர்த்து ஐந்தரை அடியாக்கியிருந்தாள். மூன்று வருடம் சங்கத்து ஆண் பாம்புகளோடு சேர்த்துப் பார்த்து, ஏமாந்து, இந்த வருடம்தான் வயிறு நிறைந்தது. குட்டி போட இன்னும் இரண்டு மூன்று வாரம். முழங்காலோ அதுவரை பொறுக்கவில்லை. இத்தனை நாளும் டூஹா இருந்த கண்ணாடிப் பெட்டியின் பூட்டை ஒட்டோமார் தொட அவள் விட்டதில்லை. இப்போது சாவியைக் கையில் கொடுத்து, “உன்னை நம்பித்தான் போறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“குழாய்த் தண்ணியாம்!” என்று ஒட்டோமார் சீட்டைப் பார்த்துச் சொன்னார். “ஊரைச் சுத்தி மூணு ஊத்து. உலகத்துல இருக்கறவன் எல்லாம் ரயிலேறி வந்து குடிக்கறான். இவ பிள்ளைத்தாச்சிக்குக் குளோரின் தண்ணி குடுக்கச் சொல்றா.”

அந்த ஊரில் அப்படித்தான். தேவாலயத்துக்குப் போகாதவர்கூட ஞாயிற்றுக்கிழமை குடுவையோடு ஊற்றுக்குப் போய்விடுவார். கல்யாண விருந்தில் வயிறு கனத்தால் காட்டு ஊற்று, சிறுநீரகத்தில் கல் என்றால் குதிரைக்காரன் ஊற்று, பெண்களுக்கு எதுவென்றாலும் கன்னி ஊற்று. குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவ. ஒட்டோமார் கன்னி ஊற்றுக்கே போனார். கையோடு கொண்டுபோன வாளி, அறை மூலையில் லிபுஷெ நிரப்பி வைத்திருந்த வாளி. அதிலிருந்த தண்ணீரை ஜன்னலோரச் செடிகளுக்கு ஊற்றிவிட்டிருந்தார்.

அவரை ஒரேயடியாக முட்டாள் என்று சொல்லிவிடக் கூடாது. ஊற்றுநீரில் குமிழி பொங்கும், பாம்புக்கு அது ஆகாது என்று அவருக்கும் தோன்றியது. கரண்டியால் அரைமணி நேரம் அடித்துக் குமிழியை ஓட்டினார். இளஞ்சூட்டுக்குக் கொண்டுவந்தார். தானும் ஒரு மிடறு குடித்து, தலையாட்டிவிட்டு, பாத்திரத்தில் ஊற்றி வைத்தார். மறுநாள் காலை பாத்திரத்தில் நீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வெள்ளைப் பீங்கானில் லேசான துருவளையம். இரும்புச் சத்து என்று சந்தோஷப்பட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லிபுஷெ கூப்பிட்டாள். “குடிச்சாளா?”

“குடிக்காம? ஒரு விரற்கடை இறங்கியிருக்கு.”

“ஒட்டோ, சீட்டுல எழுதினபடிதானே செய்யறே?”

“நீ கால நீட்டிப் படு. தண்ணியப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத.”

பதில் மாதிரியும் இருந்தது, பதிலில்லாமலும் இருந்தது. அவள் வலியில் இருந்ததால் தோண்டவில்லை.

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆலைக்காரப் புத்தி தலைகாட்டியது. தொட்டியில் மட்டம் இறங்கினால், யாரோ எடுத்தார்களா, தானாக ஆவியானதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். அதே மாதிரி இன்னொரு பாத்திரத்தில் அதே அளவு நீர் ஊற்றி, பெட்டிக்குள்ளேயே கம்பிக் கூண்டு போட்டு, பாம்பு வாய் வைக்க முடியாதபடி பக்கத்தில் வைத்தார். ஆறாம் நாள் காலை இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தது. டூஹா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஐந்து நாளும் குடித்தது பெட்டிக்குச் சூடு கொடுக்கும் விளக்கு.

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று பெட்டியைப் பார்த்துத் திட்டினார்.

அப்போதாவது குழாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் சீட்டு ஜெயித்ததாகிவிடும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு நாள் குதிரைக்காரன் ஊற்று, இரண்டு நாள் காட்டு ஊற்று. டூஹா பாத்திரத்து விளிம்புவரை வந்து, நாக்கை இரண்டு தடவை நீட்டிப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டு போனாள். முப்பத்து மூன்று வருடம் சுவை பார்த்தவருக்கு அந்தத் தலை திருப்பல் புரியாமலில்லை. கெட்டுப்போன புட்டியை அவரே எத்தனையோ தடவை அப்படித்தான் நகர்த்தி வைத்திருக்கிறார். ஆறு மணிக்குப் போன் வந்தபோதெல்லாம், “குடிக்கறா, குடிக்கறா” என்றார்.

பத்தாம் நாள் காலை டூஹாவின் பக்கவாட்டில் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. நிறம் ஓடவில்லை. ஒட்டோமார் நின்றபடியே அப்போலெனாவுக்குப் போன் செய்தார்.

அப்போலெனா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். உள்ளே வந்தாள், டூஹாவை ஒரு தரம் தடவினாள், பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது என்ன தண்ணி, ஐயா?”

“காட்டு ஊத்து. அதுக்கு முன்னாடி கன்னி ஊத்தும், குதிரைக்காரன் ஊத்தும்.”

“சரிதான். ஊத்துக்கு வர்ற நோயாளிங்க மாதிரி அடுத்தது என்ன, சேத்துக் குளியலா? சாயங்காலம் பாண்டு வாத்தியமும் உண்டா?”

“ஏம்மா, மனுஷங்களுக்கு நல்லதுன்னா…”

“மனுஷன் ஒரு கோப்பை குடிச்சுட்டு வீட்டுக்குப் போய் பீர் குடிக்கறான். இவளுக்கு இந்த ஒரு பாத்திரம்தான். இவ்வளவு உப்பும் இரும்பும் இருந்தா எப்படிக் குடிப்பா? இரையும் எடுக்கல, உடம்புல ஈரம் வர வேற வழியே இல்ல. பத்து நாளா காயறா. எங்க லிபுஷெயோட வாளி?”

ஒட்டோமார் வாளியைக் காட்டினார். அடியில் துருப் படிந்திருந்தது.

“இப்பப் பிடிச்சு வெச்சா நாளைக்குத்தான் குளோரின் போகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. எங்க வீட்டுல எப்பவும் ஒரு வாளி நிக்கும். போய் எடுத்துட்டு வர்றேன்.”

அவள் காரைக் கிளப்புவதற்குள் பக்கத்து வீட்டு ஹீனெக் வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். ஒட்டோமாருக்குப் பட்டாளக் காலத்துக் கூட்டாளி. விஷயம் காதில் விழுந்தது, குடத்தோடு ஓடி வந்தார்.

“எங்க கிணறு இருக்கறப்போ எதுக்கும்மா ஊருக்குப் போறே? பட்டு மாதிரித் தண்ணி. குளோரின் கிடையாது, உப்பு கிடையாது. நாப்பது வருஷமாக் குடிக்கறேன்.”

அப்போலெனா கைப்பையிலிருந்து ஒரு சோதனைத் தாளை எடுத்துக் குடத்தில் முக்கி எடுத்தாள். ஒரு நிமிஷத்தில் தாள் பீட்ரூட் நிறத்துக்கு ஏறியது.

“நைட்ரேட். கிணத்துக்குப் பின்னாடி கடுகு வயலுக்கு எத்தனை மூட்டை உரம் போடறாங்க?”

“நாப்பது வருஷமா நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“அதான் பாக்கறேனே.”

ஹீனெக் ஒட்டோமாரைப் பார்த்தார். ஒட்டோமார் சிரிக்கவில்லை. மற்ற எந்த நாளாக இருந்தாலும் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். தன் காரில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் இருக்கிறதே என்று மெல்லிய குரலில் கேட்டார். “அதுல உடம்புக்கு வேண்டியது ஒண்ணுமே கிடையாது ஐயா. அது பேட்டரிக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவள் திரும்பிவர ஆன நாற்பது நிமிஷமும் ஒட்டோமார் பாத்திரத்தைத் தேய்த்தார். துருவளையம் போகிறவரை வினிகர் போட்டுத் தேய்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அப்போலெனா கொண்டுவந்த நீரை ஊற்றும் முன் பழக்கதோஷத்தில் ஒரு மிடறு குடித்தார். ஒரு ருசியும் இல்லை. ஊருக்குள் யார் வீட்டிலும் இதை விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டார்கள். டூஹா வந்தாள், நாக்கை ஒரு தரம் நீட்டினாள், மூக்குவரை அமிழ்த்தி அப்படியே நின்றுவிட்டாள். தாடையின் கீழ் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ஒட்டோமார் எண்ணினார். நூறு தாண்டிய பிறகு எண்ண முடியவில்லை, கண் மறைத்தது.

அன்றைக்கே அவர் மூலையில் இரண்டு வாளி வைத்தார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. மேலே தேதி எழுதிய சீட்டு, ஆலையில் எழுதுவது மாதிரியே. நாளுக்கு நாள் டூஹாவின் தோல் நிரம்பியது, நிறம் ஓடத் தொடங்கியது. ஒட்டோமாரின் முதுகும் நிமிர்ந்தது. ஆறு மணிக்கு, “குடிக்கறா” என்று சொன்னபோது குரலில் பழைய கம்பீரம் இருந்தது. முதல் ஒன்பது நாளைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

எட்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டூஹா குட்டி போட்டாள். அப்போலெனா மருந்துக்கடை அங்கியோடு ஓடி வந்தாள். பதினோரு குட்டி சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்து, ஈரத்தாளின் மேல் நெளிந்தன, ஒவ்வொன்றின் முதுகிலும் வட்டம் வட்டமாகப் புள்ளி. மூன்று அசையவில்லை. அப்போலெனா அவற்றைத் தொட்டுப் பார்த்து, ஒரு வெள்ளைத் துணியில் வைத்து மடித்தாள்.

“எந்த ஈத்துலயும் ரெண்டு மூணு போகும், ஐயா. எங்க வீட்டுலயும் போயிருக்கு. இது தண்ணியாலதான்னு யாரும் சொல்ல முடியாது.”

“தண்ணியால இல்லன்னு சொல்ல முடியுமா?”

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். அங்கியைத் துடைத்துக்கொண்டே, “லிபுஷெகிட்ட பதினொண்ணுன்னு சொல்லுங்க. அதுவும் பொய்யில்லையே. ரணம் ஆறாமப் படுத்திருக்கா” என்றாள். பிறகு கடைக்குக் கிளம்பினாள்.

ஆறு மணிக்கு லிபுஷெயின் முகம் போன் திரையில் வந்தது. ஒட்டோமார் குட்டிகள் இருந்த பெட்டிக்கு மேல் போனைப் பிடித்தார். அவள் வாய்விட்டு எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு. பக்கத்துக் கட்டில்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அழுதாள், சிரித்தாள்.

“பதினொண்ணு, ஒட்டோ! முதல் ஈத்துலயே! நீ மனுஷனே இல்ல, தங்கம். உன்கிட்ட விட்டுட்டு வந்தமேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல நான். என்னை மன்னிச்சுக்கோ.”

முப்பது வருட வாழ்க்கையில் லிபுஷெ அவரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பேசாமல் இருந்தால் போதும், காலத்துக்கும் அது அவருடையது. ஒட்டோமார் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

“பதினாலு” என்றார்.

“என்ன?”

“பதினாலு பொறந்தது. மூணு உசிரோட இல்ல. ஒன்பது நாள் ஊத்துத் தண்ணி வெச்சேன், லிபுஷெ. அவ குடிக்கல. அஞ்சு நாள் தெரியாம உன்கிட்ட குடிக்கறான்னு சொன்னேன். நாலு நாள் தெரிஞ்சே சொன்னேன். தண்ணியாலன்னு சொல்ல முடியாதுங்கறா அப்போலெனா. நான் தண்ணியாலதான்னு நினைக்கறேன்.”

திரையில் பக்கத்துக் கட்டில்காரி மெதுவாக எழுந்து நகர்ந்து போனாள். வெளியே ஹீனெக் எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்.

“புதைச்சுட்டியா?”

“இல்ல.”

“பதினாலையும் காட்டு.”

ஒட்டோமார் துணியை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். போனைக் கிட்டத்தில் பிடித்தார். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார், படம் கலங்கினால் அவளுக்குத் தெரியாதே என்று. லிபுஷெ அவசரப்படவில்லை. முதலாவதைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதில் வெகுநேரம் நின்றாள், அதன் முதுகில் புள்ளிகள் முழுசாக வந்திருந்தன.

“பாத்துட்டேன்” என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். “இப்பப் போய் மத்ததுக்கெல்லாம் தண்ணி வை.”