வயரைப் பிடுங்கச் சொன்னவர்

அந்தக் குளிர்காலத்தில் ஐலா கேங்கஸ் செய்ய ஆசைப்பட்டது ஒரு ரயில் எஞ்சினுக்கான சக்கரங்கள். நிஜ எஞ்சின் இல்லை. அவள் ஊரான இஷ்பெமிங்கின் சுரங்கத்திலிருந்து ஏரித்துறைக்கு இரும்புத்தாது இழுத்துப்போன பழைய எஞ்சினைப் போல, சாப்பாட்டு மேசைமேல் நிற்கிற அளவில் ஒன்று. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் அவள். கணவன் வேறொருத்தியோடு ஃப்ளோரிடா போய் வெகுகாலமாகிவிட்டது. வீட்டின் நிலவறையில் உலோகம் கடையும் ஒரு சின்ன மில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு, அதன் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு மோட்டார்களைப் பொருத்தி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு இணைத்திருந்தாள். எல்லாம் அவளே செய்தது. படத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் மோட்டார்களைச் சுழற்றும், கட்டர் அலுமினியத்தைக் கடைந்து வடிவத்தை எடுத்துக் கொடுக்கும்.

சக்கரத்தில்தான் சிக்கல் வந்தது. முதல் ஆரக்கால் கச்சிதமாக அமைந்தது, அடுத்ததும் அப்படியே. போகப்போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசி ஆரக்கால் யானைக்கால் மாதிரி வீங்கி நின்றது. வேலை முடிந்து கட்டர் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பியதாகத் திரை சொன்னது. கட்டர் நகத்தின் கனம் தள்ளி நின்றது.

இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையத் தளத்தில் அவள் விவரத்தை எழுதினாள். ஒரு வாய்க் காப்பி குடிப்பதற்குள் பதில் வந்தது. எழுதியவர் லெஸ்டர் கோவார், நெப்ராஸ்காக்காரர். தொலைபேசி எண்ணைக் கேட்டார். கொடுத்ததும் மணி அடித்தது.

"ஐலாவா? லெஸ்டர் பேசுறேன். ஒத்த விரலால தட்டித் தட்டி நகமே தேஞ்சுபோச்சு, அதான் போன்லயே வந்துட்டேன். மெஷின் பக்கத்துலயா இருக்கீங்க?"

"பக்கத்துலதான்."

"கையில சுத்தியல் இல்லியே?"

"இன்னும் எடுக்கல."

"நல்லது. நீங்க அதை எடுக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிருவோம்."

மோட்டாரையும் திருகுத்தண்டையும் சேர்க்கும் இணைப்பை முதலில் பார்க்கச் சொன்னார். திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. மேசையைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அசைவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், கட்டரைத் தூக்கிவிட்டு வெறும் காற்றில் ஓட்டினார்கள். விலகல் அப்படியே இருந்தது.

"கம்ப்யூட்டர்ல வேற ஏதாவது ஓடுதா?"

ஐலா திரையைப் பார்த்தாள். ஓரத்தில், வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு பெயர்தான், மார்னி. அந்தப் பக்கம் ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாகப் பக்கத்திலிருந்த புள்ளி சாம்பல் நிறமாக இருந்தது.

"பெருசா ஒண்ணும் இல்ல."

"இன்டர்நெட் வயர் சொருகியிருக்கா?"

"இருக்கு."

"அட, அதைப் பிடுங்குங்க மொதல்ல! இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் தெரியும். மோட்டாருக்கு இடைவிடாம மின்சாரத் துடிப்பு அனுப்பிட்டே இருக்கணும். நடுவுல எவனாவது கூப்பிடுறானான்னு வாசல் பக்கம் எட்டிப் பாத்துச்சுன்னு வைங்க, ரெண்டு துடிப்பு போச்சு. போனது அதுக்கே தெரியாது."

ஐலா கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டாள். வயரின் முனை விரலில் பட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"பிடுங்கிட்டேன்" என்றாள்.

மறுபடி ஓட்டினார்கள்.

"என்ன ஆச்சு?"

"அப்படியேதான் இருக்கு."

மார்னி அவளுடைய ஒரே மகள். அலாஸ்காவில் டச்சு ஹார்பரில் ஒரு மீன் ஆலையில் வேலை. செல்போன் அங்கே எடுப்பது அபூர்வம். ஷிப்டு முடிந்து, கேன்டீன் கம்ப்யூட்டர் காலியாக இருந்து, மார்னிக்குத் தூக்கமும் வராமல் இருந்தால் அழைப்பு வரும். இன்ன நேரம் என்று கிடையாது. நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளுக்கு முன்னால் ஒருமுறை வந்தது, அதோடு சரி. வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் நிலவறையில் இருந்த இதுதான். அந்த மணி அடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஐலா பாதி நாள் கீழேயே கிடந்தாள். வயரைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பக்கம் அம்மா பெயரும் சாம்பலாகிவிடும். அம்மா இல்லை என்று மார்னி எழுந்து போய்விடுவாள்.

இதையெல்லாம் முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்வது?

அதனால் அந்த வாரம் முழுக்க லெஸ்டர் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருந்தார். கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றினாள். எர்த் சரியாக இருக்கிறதா என்றார், பிரித்துக் கட்டினாள். கம்ப்யூட்டருக்குள் சூடாகிறதோ என்று விசிறி வைக்கச் சொன்னார், வைத்தாள். பலிக்காது என்று தெரிந்தே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். அவர் தினமும் மத்தியானம் கூப்பிட்டார். "தாயே, இன்னிக்கு என்ன சொல்லுது உங்க குதிரை?" என்று ஆரம்பிப்பார். அந்தக் குரலுக்காகவும் அவள் காத்திருக்கத் தொடங்கியது அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

பிறகு லெஸ்டரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. கம்பளிக் காலுறைக்குள் சுற்றி, மோட்டார்களை இயக்கும் சர்க்யூட் போர்டு ஒன்று. அவள் கேட்கவே இல்லை. வந்ததை மாட்டினாள். சக்கரம் பழையபடியே கோணியது.

மத்தியானம் லெஸ்டரிடம் அதைச் சொன்னாள்.

"அப்ப நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்றார். "லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன் நான். கதவு மூடுற சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லுவேன். இப்ப மூளை அவ்வளவுதான்போல. வேற யாராவது விவரமான ஆளாப் பாத்துக் கேளுங்க, ஐலா."

போனை வைத்த பிறகு அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பேச்சுப் பெட்டியை மூடினாள். பின்னால் கையை விட்டு வயரை இழுத்தாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். புது அலுமினியத் தட்டைப் பிடிப்பில் இறுக்கி மெஷினை ஓடவிட்டாள். மோட்டார்களின் சத்தமே வேறாக இருந்தது. இத்தனை நாளும் இடையிடையே ஒரு தொண்டைக் கனைப்பு இருந்தது, அது போய்விட்டது. கடைசி ஆரக்காலை முடித்த கட்டர், கிளம்பிய புள்ளியில் வந்து மயிரிழை பிசகாமல் நின்றது.

சக்கரத்தைக் கழற்றிப் பிசிறு நீக்கி, குழாயில் கழுவி, துடைத்தாள். அழகாக இருந்தது. காட்ட ஒருவரும் இல்லை. வயரைத் திரும்பச் சொருகிப் பேச்சுப் பெட்டியைத் திறந்தாள். அவள் இல்லாத நேரத்தில் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. முதலில் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த 'அப்பாடா'வே அவளைக் குத்தியது.

லெஸ்டரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"மொத நாளே பிடுங்கிட்டேன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"ஒரு வாரமா?"

"மக கூப்பிடுவான்னு... மீன் ஆலையில இருக்கா. எப்பக் கூப்பிடுவான்னு தெரியாது."

"அதைச் சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா? கம்ப்யூட்டர் இப்ப அடிமாட்டு விலைக்கு விக்குது, மேல ஒண்ணு வாங்கி வெச்சா வேலை முடிஞ்சுது. இங்க ஒருத்தன் நமக்கு மூளை கலங்கிருச்சோன்னு..." முடிக்காமல் வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஐலா போர்டைக் கழற்றி அதே காலுறையில் சுற்றி, குங்குமப்பூ ரொட்டி ஒன்று சுட்டு அதோடு வைத்து, நெப்ராஸ்காவுக்கு அனுப்பினாள். சர்ச்சில் பழைய சாமான் விற்றபோது ஒரு லேப்டாப்பை வாங்கிச் சமையலறையில் வைத்தாள். மணிச் சத்தம் கீழே கேட்க வேண்டுமென்று நிலவறைக் கதவைத் திறந்தே போட்டாள். வீடு சில்லிட்டுப் போனது. மார்னி ஒரு நாள் கூப்பிடவும் செய்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சக்கரத்தைக் கேமரா முன்னால் பிடித்தபோது, "நல்லாருக்கும்மா. நீயா பண்ண?" என்றாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் யாரோ தோளைத் தட்டினார்கள். "அம்மா, வரிசையில ஆளு நிக்குது. அப்புறம் பேசுறேன், சரியா?"

லெஸ்டர் கூப்பிட்டது அதற்குப் பிறகு, மத்தியானத்தில்.

"ரொட்டி வந்துச்சு. செங்கல் மாதிரி காஞ்சுபோய். காப்பியில முக்கித் தின்னேன்."

"பத்திரமாத்தான் சுத்தி அனுப்பினேன்."

"சுத்தினது சரிதான், தபால்காரன் வந்து சேரணுமே. ஆமா, அந்தப் போர்டை எதுக்குத் திருப்பி அனுப்புனீங்க?"

"உங்களுது ஆச்சே."

"அதை வெச்சு நான் என்ன பண்ண? மாட்டுறதுக்கு எங்கிட்ட மெஷின் ஏது?"

ஐலாவுக்குப் புரியவில்லை. தளத்தில் எல்லோருடைய மெஷினுக்கும் பதில் சொல்பவர் அவர்தான்.

"வித்துட்டேன்" என்றார் லெஸ்டர். "வீட்டை வித்தப்ப அதுவும் போச்சு. இப்ப மூணாவது மாடில ஒரு ரூம்ல இருக்கேன். கீழ்வீட்டுக்காரன் நான் நாற்காலியை இழுத்தாலே சண்டைக்கு வர்றான். அந்தப் போர்டு மட்டும் பெட்டில கிடந்துச்சு. உங்க குதிரை இப்ப சரியா ஓடுதா?"

"ஓடுது. கேக்குறீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனைக் கீழே எடுத்துப்போய், பிடிப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். அடுத்த சக்கரத்துக்கான தட்டை இறுக்கி மெஷினை ஓடவிட்டாள். சீவல்கள் சுருண்டு விழுந்தன. ஒருமுறை மட்டும் அவர், "இப்ப வளைவுல திரும்புதா?" என்றார்.

"ஆமா."

"ம். கேக்குது."

கட்டர் தன் இடத்துக்கு வந்து நின்றது. மெஷின் ஓய்ந்ததும் நிலவறையில் வேறு சத்தமே இல்லை. ஐலா போனை எடுத்துக் காதில் வைத்தாள். முடிந்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தெருவில் எதுவோ உறுமிக்கொண்டு போனது.

"என்ன சத்தம் அது?"

"பனி தள்ற வண்டி."

"அங்க இன்னும் பெய்யுதா?"

"பெய்யுது" என்றாள் ஐலா. "விடுற மாதிரி தெரியல."