தூக்கத்தை முந்திய கொத்துக்கறி

பூட்டுக்காரியின் வீட்டுக்குத் தூக்கம் ஏழரை மணிக்கு வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளும் தவறியதில்லை. வந்ததும் வீட்டுக்குள் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே தூங்கிப்போனார்கள்: மூத்த மகள் ஒரு காலில் மட்டும் காலுறையோடு, இளையவள் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில், பூட்டுக்காரி கரண்டியும் கையுமாக அடுப்படியில். அடுப்பும் அவர்களோடு சேர்ந்து அணைந்துவிடும். அந்த மட்டில் தூக்கத்துக்குப் பொறுப்பு உண்டு. அந்நேரம் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருக்கும், மாடி வீட்டில் நாற்காலி இழுப்பார்கள். அங்கெல்லாம் மனிதர்கள் படுத்த பிறகுதான் தூக்கம் வந்தது. சனி, ஞாயிறு லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருப்பான். அந்த இரண்டு நாளும் இந்த வீட்டிலும் அப்படித்தான். அதனால் அவன் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. தொலைபேசியில் சொன்னால், "வேலைக் களைப்புடி. நேரத்தோட படுத்தா உடம்புக்கு நல்லதுதானே?" என்று சிரிப்பான். ஊர் சுற்றுகிறவனுக்கு வீட்டுக் கஷ்டம் எங்கே தெரியப்போகிறது.

பேருந்து நிலையத்தை ஒட்டி, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு அவளுடைய சாவிக்கடை இருந்தது. சீக்கிரம் கடையை அடைக்க வழியில்லை. சாவியைத் தொலைக்கிறவர்கள் காலையிலேயே தொலைத்துவிடுகிறார்கள், ஆனால் வீடு திரும்பும் நேரத்தில்தான் தொலைந்தது அவர்களுக்குத் தெரிகிறது. பள்ளி விட்டு வரும் பெண்கள் இருவரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மூவரும் வீடு வந்து சேர்ந்து, பானையை அடுப்பில் ஏற்றி, அது கொதிக்கத் தொடங்கும்போது தூக்கம் வந்து நிற்கும். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அந்த வீட்டில் இரண்டும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டன, தினமும் நித்திரைதான் ஜெயித்தது.

முதலில் அவள் தனக்குத் தெரிந்த வித்தையைத்தான் காட்டினாள். வாசல் கதவில் புதுப் பூட்டு போட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று, பிறகு மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ், குறுக்கே இரும்புப் பட்டை. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கதவு நகைக்கடைக்குக்கூட இல்லை. தூக்கம் சாவித்துவாரம் வழியாக வந்ததோ, சுவர் வழியாக வந்ததோ, அதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அத்தனை பூட்டையும் திறந்து உள்ளே போகத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது. ஒரு நாள் கடைசித் தாழைத் திறக்கும்போதே தூக்கம் வந்துவிட, மூவரும் வாசல்படியில் கிடந்து விடியும்வரை தூங்கினார்கள். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டாள்.

இதற்குள் தூக்கம் ஏழு மணிக்கே வரத் தொடங்கியிருந்தது. இளையவள் வகுப்பில் அழிப்பானைக் கடித்துத் தின்றதாகப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். செய்தி நாத்தனார் காதுக்குப் போயிற்று. கணவனின் அக்கா, இரண்டு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருந்தவர், கறாரான மனுஷி, ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே நின்றதால் அவருக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே இரண்டு பிள்ளைகளும் காலித் தட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் கடைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைங்க காஞ்சு கருவாடாப் போச்சுங்கம்மா. வாரத்துல அஞ்சு நாள் எங்கிட்ட இருக்கட்டும். சனிக்கிழமை நானே கொண்டு வந்து விடுறேன்."

"என் பிள்ளைங்களுக்கு நான் சோறு போடாம வேற யாரு போடுவாங்கக்கா?"

"போடலையே, அதைத்தானே சொல்றேன். சரி, அடுத்த புதன்கிழமை நானே வந்து உக்கார்றேன். ரெண்டும் வயிறார சாப்பிட்டா நான் வாயே திறக்கல. இல்லன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். தம்பிகிட்டயும் பேசிட்டேன்."

தம்பியும் சரி என்றுதான் சொல்லியிருந்தான். பூட்டுக்காரி அன்று வெட்டிய சாவிகள் ஒன்றும் பூட்டில் சேரவில்லை. பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு எந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் திறப்பது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கோபம் அவளுக்கு எப்போதும் நல்லதே செய்திருக்கிறது.

பக்கத்துக் கறிக்கடைக்காரரிடம் போய், எது சீக்கிரம் வேகும் என்று கேட்டாள். "எலும்பில்லாத கோழியைக் கொத்துக்கறியா அடிச்சுத் தர்றேன். துண்டு வேகுறதுக்குள்ள இது வெந்து நீங்க தட்டையும் கழுவிடலாம்," என்றார் அவர். அன்றிலிருந்து சாவிக்கடையிலேயே பாதிச் சமையல் நடந்தது. ஒரு சாவிக்கும் அடுத்த சாவிக்கும் இடையில் வெங்காயத்தைப் பொடியாக அரிந்தாள், இஞ்சி பூண்டைத் தட்டினாள், மிளகாயை உப்போடு நசுக்கி டப்பாவில் அடைத்தாள். அந்த நாட்களில் ஊரில் பாதிச் சாவிகளில் பூண்டு வாசம் அடித்தது, யாரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், தோளில் பை தொங்கத் தொங்க வாணலியைக் காயவைப்பாள். வெங்காயம் நிறம் மாறும்போது மசாலா, அதன் மேல் கறி, கட்டி விழாமல் கரண்டியால் குத்திக் குத்தி உடைப்பது, தண்ணீர் சுண்டியதும் ரொட்டியின் நடுவில் வைத்து ஓர் அமுக்கு. பெண்கள் இரண்டு வாய் கடிப்பதற்குள் தூங்கிப்போனார்கள். முன்பு அதுவும் இல்லை என்பதால் அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, மிளகாய் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுவிட்டாள். தூக்கம் வந்தது, இன்னும் வாய் வைத்திராத அவளும் இளையவளும் சாய்ந்தார்கள். காலையில் மூத்தவள், "அம்மா, எனக்கு மட்டும் தூக்கம் வரல. வாய் எரிஞ்சுட்டே இருந்துச்சு. முழுசா சாப்பிட்டுட்டேன்," என்றாள். பூட்டுக்காரி அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு, நேராகக் காய்கறிக் கடைக்குப் போய் இன்னும் ஒரு பிடி மிளகாய் வாங்கினாள்.

புதன்கிழமை வந்தது. கடையை அடைக்கும் நேரத்தில், கைக்குழந்தையை வீட்டுக்குள் விட்டுக் கதவு சாத்திக்கொண்டதாக ஒரு தகப்பன் அழுதுகொண்டு வந்தான். பூட்டுக்காரி போகாமல் இருக்க முடியுமா? அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தபோது நாத்தனார் பெண்களை ஏற்கெனவே வீட்டுக்குக் கூட்டி வந்து மேசை முன் உட்கார்ந்திருந்தார், அவர்களும் தட்டுகளோடு தயாராக இருந்தார்கள். அவள் கறியை வாணலியில் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். அது வெளுத்து, பழுப்பாகத் திரும்பும் நேரம், அடுப்பு சிறுத்தது. தூக்கம் அன்றைக்கு முன்னதாகவே வந்துவிட்டது. இளையவளின் தலை மேசையில் விழுந்தது, நாத்தனாரின் தாடை மார்பில் இறங்கியது. பூட்டுக்காரி ஒரு பச்சை மிளகாயைக் காம்போடு வாயில் போட்டு நறநறவென்று மென்றாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நின்று, யோசித்தாள். இத்தனை மாதமாக இது தினமும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருகிறது. சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறவரை வாசலில் நிறுத்திப் பூட்டுப் போட்டவள், ஒரு நாளாவது வா என்று சொல்லியிருக்கிறாளா?

"வந்தது வந்துட்ட," என்றாள் காற்றைப் பார்த்து. "உக்காரு. சாப்பிட்டுட்டு அப்புறம் உன் வேலையைப் பாரு."

லாரிக்காரனின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாற்காலியின் மெத்தை அழுந்தியது. அடுப்பு மறுபடி நின்று எரிந்தது. கறியைச் சுண்டவிட்டு, முதல் சாண்ட்விச்சை அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அது ஓரத்திலிருந்து கடி கடியாகக் குறைந்தது. பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், தண்ணீர்ச் செம்பு தானாக மேலே போய்க் காலியாகித் திரும்பியது. அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை வீட்டில் ஒருவருக்கும் கொட்டாவிகூட வரவில்லை. பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து மளமளவென்று சாப்பிட்டார்கள். இளையவள் மூன்றாவது சாண்ட்விச் கேட்டாள். நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே இரண்டு சாப்பிட்டார், எதிர் நாற்காலியை ஒருமுறை பார்த்தார், பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்தார். சொன்ன வார்த்தைப்படி வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு தூக்கம் சாப்பாட்டுக்கு வந்தது, சாப்பிட்டு, தட்டுகள் கழுவி அடுக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வேலையைத் தொடங்கியது. கறிக்கடைக்காரர் கேட்காமலே ஓர் ஆளுக்குக் கூடுதலாக அடித்துக் கட்டினார். புதன்கிழமைகளில் நாத்தனார் தாமே ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு புதன்கிழமை, செம்பு இரண்டாம் முறை காலியானபோது அவருக்குத் தாங்கவில்லை.

"அதுக்கு மட்டும் காரத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணேம்மா. பாவம், திணறுது."

"அதெல்லாம் முடியாதுக்கா," என்றாள் பூட்டுக்காரி, கரண்டியை வாணலியில் தட்டியபடி. "பிள்ளைங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல."